அன்றாட வாழ்வில் மைத்திரி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைத்திரி தியானத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்கள், பெரும்பாலும் சைவக் குடும்பங்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிறந்தவர்கள், கேட்கின்ற கேள்விகளுக்கான பதில்கள் இவை. தேரவாத மரபின் பாளி நூல்கள் சொல்வதை அந்நூல்களின் பெயரிலும், என் அபிப்பிராயத்தை என் பெயரிலும் எழுதியிருக்கிறேன்.

மைத்திரி என்பது என்ன?

இன்னோர் உயிர் நலமாக இருக்கவேண்டும் என்ற விருப்பத்தை வேண்டுமென்றே மனத்தில் எழுப்பி, அதை நிலைக்கச் செய்து, பின்னர் எல்லை வகுக்காமல் விரித்துச் செல்லும் பயிற்சியே மைத்திரி. பாளி நூல்கள் இதனை மெத்தா என்று வழங்கும். பிறர் துயர் நீங்க விரும்பும் கருணை, பிறர் ஆக்கம் கண்டு மகிழும் முதிதை, விருப்பு வெறுப்பின்றிச் சமநிலையில் நிற்கும் உபேட்சை ஆகிய மூன்றுடனும் சேர்த்து இது நான்கு பிரம்மவிகாரங்களுள் முதலாவதாக எண்ணப்படுகிறது.

5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், மைத்திரிக்கு இரண்டு பகைகள் உண்டு என்கிறது. தூரத்துப் பகை வெறுப்பு. அதை எவரும் எளிதில் அடையாளம் காண்பர். அண்மைப் பகையோ பற்று; அது மைத்திரியின் உடையிலேயே வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்வதால் இனங்காண்பது கடினம். எங்கள் வீடுகளில் பாசம் என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பகுதி இந்த அண்மைப் பகையே என்பது என் எண்ணம். மகன் மருத்துவபீடத்துக்குப் போகவேண்டும், கனடாவில் இருக்கும் தம்பி கிழமைக்கு ஒரு முறையாவது அழைக்கவேண்டும், மருமகள் கேட்டபடி நடக்கவேண்டும் என்று நினைக்கும்போது, மற்றவரின் நலத்தைவிட எங்கள் எதிர்பார்ப்பே முன்னுக்கு நிற்கிறது. அழைப்பு வராத கிழமையிலும் அந்தத் தம்பி நலமாக இருக்கவேண்டும் என்று மனம் கசப்பின்றி நினைக்குமாயின், அதை மைத்திரி என்று சொல்லலாம்.

சைவராகவோ கிறிஸ்தவராகவோ இருந்துகொண்டு இதைச் செய்யலாமா?

செய்யலாம். இப்பயிற்சியைச் செய்வதற்கு எவரையும் சரணடையவோ, எந்த உருவத்தையும் வணங்கவோ, இருக்கும் சமயத்தை விடவோ வேண்டியதில்லை.

சைவர்களுக்கு இது அந்நியமான எண்ணமும் அன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பூசை முடிவில் ஓதப்படும் கந்தபுராண வாழ்த்தாகிய 'வான்முகில் வழாது பெய்க' என்ற பாடலில் 'குறைவிலாது உயிர்கள் வாழ்க' என்ற தொடர் வருகிறது. விபூதித் தட்டு எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டே அதை ஓதி முடிப்பவர்கள் பலர். அந்தத் தொடரில் ஒரு மூச்சளவு நின்று, எந்தெந்த உயிர்கள் என்று மனத்தில் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தால், மைத்திரிப் பயிற்சியின் உள்ளீடு அங்கேயே கிடைத்துவிடும். 'எல்லாரும் இன்புற் றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன் றறியேன் பராபரமே' என்ற தாயுமானவரின் கண்ணியும் இதே இடத்தில்தான் நிற்கிறது. கிறிஸ்தவர்கள், பகைவரிடமும் அன்பு கூரும்படி கேட்கும் மலைப்பொழிவை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. பிரார்த்தனையில் நாம் இறைவனிடம் கேட்கிறோம். மைத்திரியில் எவரிடமும் எதுவும் கேட்கப்படுவதில்லை. மற்றவர் நலம் பெறுவாரா என்பது அங்கே முதற்கேள்வியன்று. விரும்பும் மனம் எவ்வாறு பழக்கப்படுகிறது என்பதே முதற்கேள்வி. இரண்டையும் ஒரே நாளில் வேறுவேறு வேளைகளில் செய்வதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பௌத்தம் என்ற பெயரைக் கேட்டாலே மனம் மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

இது நியாயமான தயக்கம். இதைப் பேசாமல் யாழ்ப்பாணத்தில் மைத்திரியைக் கற்பிக்க முற்படுபவர், கேட்பவரின் பாதி மனத்தோடு மட்டுமே கதைத்துக்கொண்டிருப்பார். 1981 இல் பொது நூலகம் எரிந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். 2009 மே மாதத்தில் முடிந்த போரினால் எதையும் இழக்காத வீட்டைக் காண்பது அரிது. அதன் பின்னரும், தனியார் காணிகளில் உரித்தாளரின் இணக்கமின்றி விகாரை எழுப்பப்பட்டதாக எழுந்த பிணக்குகள் ஓயவில்லை. இவற்றை மறந்துவிட்டு வாருங்கள் என்று கேட்கும் எந்தப் பயிற்சியும் நேர்மையானதன்று.

ஒரு அரசும் அதன் படையும் எந்தக் கொடியின் கீழ் எதைச் செய்தன என்ற கேள்வியையும், கோபம் மனத்தை என்ன செய்கிறது என்று புத்தர் சொன்னது சரிதானா என்ற கேள்வியையும் வெவ்வேறாக வைத்து ஆராயமுடியும் என்பது என் நிலைப்பாடு. இரண்டாவது கேள்வியைத் தமிழர்கள் நெடுங்காலமாகவே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் சோழநாட்டில் இருந்து பாளியில் நூல்கள் எழுதினார்; விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசரும் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர்; தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை முழுமையான பௌத்தக் காப்பியம். கந்தரோடையில் உள்ள சிறு தூபிகள் யாருடையவை என்ற வாதத்தில் இறங்காமலே, பௌத்தம் எங்கள் மொழிக்குப் புதியதன்று என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

நயினாதீவோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் கதையொன்றும் இங்கே பொருந்தும். நாக அரசர்களான மகோதரன் என்ற மாமனும் சூளோதரன் என்ற மருமகனும் ஒரு மணி ஆசனத்துக்காகப் படைதிரட்டி நின்றபோது, புத்தர் வந்து அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்று மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலையிலும் இரு நாக அரசர்கள் ஆசனமொன்றுக்காகப் போரிட்ட செய்தி வருகிறது. உறவினர் இருவர் ஓர் ஆதனத்துக்காக மோதிக்கொண்ட கதை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்காமற்போக வழியில்லை.

இத்தனைக்குப் பின்னரும் பெயர் உறுத்துமாயின் பெயரை விட்டுவிடுங்கள். 'குறைவிலாது உயிர்கள் வாழ்க' என்ற தொடரை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சியைச் செய்யலாம்.

எப்படித் தொடங்குவது?

காலையில் பத்து நிமிடம் போதும். விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தாலும் சரி, பாயில் இருந்தாலும் சரி, முதுகு நிமிர்ந்திருக்க, மூச்சு தன்பாட்டில் ஓட விட்டு, மரபில் சொல்லப்படும் நான்கு விருப்பங்களை முதலில் உங்களுக்கே மனத்துள் மெதுவாகச் சொல்லுங்கள்: நான் பகையின்றி இருக்கவேண்டும், நான் மனத்துன்பம் இன்றி இருக்கவேண்டும், நான் உடற்துன்பம் இன்றி இருக்கவேண்டும், நான் சுகமாக என்னைப் பேணிக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் சற்றே நிற்கவேண்டும். தேவாரத்தை ஓட்டமாக ஒப்புவிப்பதுபோல் அடுக்கிச் சொன்னால் பயன் குறைவு.

அதன்பின் யாரை நினைப்பது என்பதில் விசுத்திமக்கம் மிகவும் கவனமாக இருக்கிறது. நன்றியும் மதிப்பும் உள்ள ஒருவர், உதாரணமாக எழுத்தறிவித்த ஆசிரியர், முதலில், அடுத்து நெருங்கிய நண்பர், அடுத்து உங்களுக்கு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர், இறுதியிலேயே பகைவர். தொடக்கத்திலேயே பகைவரை எடுத்தால் கோபம் எழும். மிகவும் நெருங்கியவரை எடுத்தால் கவலையும் பற்றும் எழும். காதல் ஈர்ப்புக்கு இடமுள்ளவரை எடுத்தால் மனம் வேறு வழியில் போய்விடும். துணிச்சலோடு முதல் நாளே பெரிய எதிரியிடம் போகிறவர்கள் ஒரு கிழமையில் பயிற்சியை விட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

விருப்பும் வெறுப்பும் இல்லாதவரைத் தேடுவது பலருக்குச் சிக்கலாக இருக்கிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வரும் பாண் ஓட்டோக்காரரை எடுத்துக்கொள்ளலாம். அவர் வரவில்லையென்றால் மட்டுமே நாங்கள் அவரை நினைக்கிறோம். அவருக்கும் முதுகு வலி இருக்கும், கடன் இருக்கும், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கலாம் என்று எண்ணி அந்த நான்கு விருப்பங்களையும் அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கே நான் நலம் விரும்புவது சுயநலம் ஆகாதா?

கோசல அரசன் பசேநதி தன் அரசி மல்லிகையிடம், உன்னைவிட உனக்குப் பிரியமானவர் உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றே அவள் பதில் சொன்னாள்; அரசனும் தன்னைப் பற்றி அதையே சொன்னான். இதைக் கேட்ட புத்தர் அவர்களைக் கண்டிக்கவில்லை. எவருக்கும் தம் உயிரே மிகப் பிரியமானது, ஆகவே தன்னை நேசிப்பவன் பிறரை வருத்தலாகாது என்றார். தனக்கு விரும்புவது ஒரு அளவுகோலாகவே முதலில் வைக்கப்படுகிறது. எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியாக ஆறிய சோற்றை உண்ணும் தாய்மாருக்கு இந்தப் படியே மிகக் கடினமாக இருக்கிறது. அவர்கள் இதில் பல மாதங்கள் நின்றாலும் தவறில்லை.

எந்த உணர்ச்சியும் வரவில்லையே?

வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெஞ்சு இளகுவதும் கண் கலங்குவதும் சில நாட்களில் நடக்கும், பல நாட்களில் நடக்காது. விருப்பத்தைத் தெளிவாக எழுப்பினீர்களா என்பதை மட்டும் பாருங்கள்.

வேலையும் வீடுமாக இருப்பவர்கள் எந்த நேரத்தில் செய்வது?

நின்றாலும் நடந்தாலும் இருந்தாலும் கிடந்தாலும், விழித்திருக்கும் வரை இந்த நினைவில் நிலைபெறலாம் என்று மெத்தா சூத்திரம் சொல்கிறது. ஆகவே இருந்து செய்யும் பத்து நிமிடம் ஒரு பழக்கக் களம் மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் நேரத்துக்குப் பஞ்சமில்லை. வைத்தியசாலைக் கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கில் இருக்கும் இரண்டு மணித்தியாலமும், முன்னுக்குப் போனவர் ஏன் முந்தினார் என்று பார்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. அதே வாங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நோயோடுதான் வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணினால் மனம் வேறாகும். சனம் நிறைந்த மினிபஸ்ஸில் 'உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ' என்று கத்தும் நடத்துநர், கச்சேரியில் நாளைக்கு வரச்சொல்லும் உத்தியோகத்தர், குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் நாகபூசணி அம்மனுக்கும் நாகதீப விகாரைக்குமாக நெருங்கி இருக்கும் இரு மொழிச் சனங்கள் என்று, எங்களுக்கு விருப்போ வெறுப்போ இல்லாத மனிதர்கள் நாள் முழுதும் கண்ணில் படுகிறார்கள். ஒருவருக்கு ஒரு விருப்பம் சொன்னால் போதும்; எவரும் அறியவேண்டியதில்லை.

மனத்தில் நினைத்தால் மட்டும் போதுமா?

போதாது. செயலிலும் சொல்லிலும் மனத்திலும், முன்னிலையிலும் மறைவிலும் மைத்திரி இருக்கவேண்டும் என்பதே புத்தர் சேர்ந்து வாழும் துறவியருக்குச் சொன்ன அறிவுரை. மறைவில் என்பதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனெனில் ஒருவர் எழுந்து போனபின் அவரைப் பற்றிக் கதைப்பது எங்களுக்குப் பெரும் பொழுதுபோக்கு.

செயலைப் பொறுத்தவரை மணிமேகலை தெளிவாக இருக்கிறது. நயினாதீவே என்று பலர் கருதும் மணிபல்லவத்தில் அவளுக்குக் கிடைத்தது அமுதசுரபி. 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்பது அக்காப்பியத்தின் அடி. தொண்டைமானாற்றில் அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற செல்வச்சந்நிதியில் பந்தியில் பரிமாறியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பரிமாறும்போது எந்தக் குலம், எந்த ஊர் என்ற கணக்கு மனத்தில் ஓடுகிறதா என்று கவனிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

எல்லை வேலியைத் தள்ளிப் போட்ட அயலவரை நினைத்தாலே கோபம் வருகிறது. அவருக்கு எப்படி மைத்திரி?

யாழ்ப்பாணத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கதியாலின் இடத்தில் மதில் வந்தபின்னும் கேள்வி மாறவில்லை. முதலில் காணி விடயத்தைக் காணி விடயமாகப் பாருங்கள். உறுதியை எடுத்துப் பார்த்து, நில அளவையாளரைக் கூப்பிட்டு, தேவைப்பட்டால் மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். மைத்திரி உங்கள் ஓர் அடி நிலத்தையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இரவு படுக்கையில் அந்த அயலவரோடு மனத்துள் நடத்தும் வழக்கை மட்டுமே விடச் சொல்கிறது.

விசுத்திமக்கம் இதற்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல வழிகளைச் சொல்கிறது. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது. அவரிடம் உள்ள ஒரு நல்ல இயல்பைத் தேடி எடுத்து அதை மட்டும் நினைப்பது ஒரு வழி: வேலியில் அநியாயம் செய்தவர் உங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்டிருக்கக்கூடும். கோபம் முதலில் கெடுப்பது கோபிப்பவரின் நித்திரையையும் முகத்தையும்தான், பகைவர் விரும்பியதை நாமே செய்துகொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது இன்னொன்று. யாரோடு கோபம், அவருடைய மயிரோடா, நகத்தோடா, பல்லோடா என்று பிரித்துக் கேட்பது வேறொன்று. இது எனக்கு ஒருபோதும் உதவவில்லை, சிலருக்கு நன்றாக உதவுகிறது.

எல்லாம் தோற்றால் கொடுப்பது. சித்தலபப்பத விகாரையில் மூத்த தேரர் ஒருவரால் மூன்று முறை இருப்பிடத்தை விட்டு எழுப்பப்பட்ட துறவி, தன் தாய் தந்த விலையுயர்ந்த பாத்திரத்தை அந்தத் தேரருக்கே கொடுத்த கதையை அந்நூல் சொல்கிறது. வளவில் காய்த்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் நாலைப் பிள்ளையிடம் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவது அதே வைத்தியம்தான். திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: 'இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' என்ற குறளைப் படித்து வளர்ந்த நாங்கள், அவர் நாணுகிறாரா என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கக்கூடும். பார்த்தால் மாம்பழத்துக்கும் கணக்கு எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

என்னை எல்லாரும் பொறுமைசாலி என்கிறார்கள். எனக்கும் இது தேவையா?

புத்தரின் போதனைகளைத் தொகுத்த பாளி நூல்களுள் ஒன்றாகிய மச்சிம நிகாயத்தில், சாவத்தி நகரத்து வேதேகிகை என்ற வீட்டுத்தலைவியின் கதை வருகிறது. அவள் சாந்தமானவள் என்று ஊரே புகழ்ந்தது. காளி என்ற பணிப்பெண், அது உண்மையா அல்லது தான் வேலையை ஒழுங்காகச் செய்வதால் வந்த பெயரா என்று அறிய, ஒவ்வொரு நாளும் பிந்தி எழும்பினாள். முதலில் முகம் சுளித்த எசமானி, பின்னர் வைதாள், இறுதியில் கதவுத் தாழை எடுத்துக் காளியின் தலையை உடைத்தாள். விரும்பத்தகாத சொல் வந்து தொடும்வரை எவரும் சாந்தமானவரே என்பது புத்தர் இக்கதையால் காட்டியது. எங்கள் வீடுகளில் வேலைக்கு வரும் பெண்ணும் தேங்காய் பிடுங்க வரும் மனிதரும் எங்கள் பொறுமைக்கு என்ன சான்றிதழ் தருவார்கள் என்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

வீட்டில் மாமியின் வாய் பொல்லாதது. தினமும் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது?

சொல் கடுமையாகவும் செய்கை நல்லதாகவும் உள்ளவரைப் பற்றி, புத்தரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவராகிய சாரிபுத்தர் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். பாசி படர்ந்த குளத்துக்குத் தாகத்தோடு வந்தவர், கையால் பாசியை விலக்கிவிட்டுத் தண்ணீரைக் குடிப்பார். அதுபோல, ஏசிக்கொண்டே உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிரவாக விழித்திருக்கும் மாமியிடம், அந்த விழிப்பை எடுத்துக்கொண்டு ஏச்சை ஒதுக்கலாம்.

கையோங்கும் கணவரோடு இருப்பவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகவேண்டும். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அழைக்கலாம். மைத்திரியைச் சொல்லி ஒரு பெண்ணை அடிக்கும் வீட்டில் இருத்தி வைப்பது பெரும் பிழை.

மைத்திரி செய்தால் மன்னித்துவிட்டதாக ஆகிவிடாதா? நீதி கேட்பதை விட்டுவிடவேண்டுமா?

ஆகாது, விடவும் வேண்டியதில்லை. மற்றவர் வெறுப்பிலிருந்து விடுபட்டவராக இருக்கவேண்டும் என்று விரும்புவதும், அவர் செய்ததற்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்று கேட்பதும் ஒரே மனத்தில் இருக்கமுடியும். பகை பகையால் தணிவதில்லை, பகையின்மையாலேயே தணியும் என்ற தம்மபதச் செய்யுளை, வென்றவர்கள் தோற்றவர்களுக்கு உபதேசமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதை ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம், பிறர்மேல் சுமத்தமுடியாது.

இறந்தவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் செய்யலாமா?

இறந்தவரை இத்தியானத்துக்குப் பொருளாகக் கொள்ளவேண்டாம் என்று விசுத்திமக்கம் சொல்கிறது. இறந்துவிட்ட ஆசிரியரை நினைத்த இளந்துறவி ஒருவரால் ஆழ்ந்த ஒருமையை அடைய முடியவில்லை, உயிரோடு இருப்பவரை நினைத்தபோதே முடிந்தது என்பது அங்கே தரப்படும் காரணம். அது தியான நுட்பம் பற்றிய விதி. இறந்தவரை அன்போடு நினைப்பதைத் தடுப்பதன்று. அவர்களுக்காகப் புண்ணியம் பகிரும் வழக்கம் அம்மரபிலேயே தனியாக உண்டு. எங்களுக்கு ஆடி அமாவாசையும் திவசமும் இருக்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், தம் பிள்ளை உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே ஆண்டுக்கணக்காக வாழ்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களுள் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களிடம் எந்த நூலின் விதியையும் சொல்லி மகனை எந்தப் பட்டியலில் வைப்பது என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. எங்கிருந்தாலும் துன்பமின்றி இருக்கவேண்டும் என்று மகனுக்கு நினைக்கும் தாய் ஏற்கெனவே மைத்திரியில் இருக்கிறார். அதே விருப்பத்தைத் தமக்கும் பக்கத்தில் இருக்கும் மற்றத் தாய்க்கும் சொல்ல முடியுமாயின் அதைச் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கண்ணை மூடினால் பழைய நினைவுகள் வருகின்றன.

அப்படியானால் மூடவேண்டாம். கண்ணைத் திறந்து, கால் நிலத்தில் படுவதை உணர்ந்து, முற்றத்தில் நடந்துகொண்டு இரண்டு நிமிடம் மட்டும் செய்யுங்கள். மனிதர்களை விட்டுவிட்டு, ஓர் ஆட்டுக்குட்டிக்கோ நாய்க்குட்டிக்கோ நலம் விரும்பினாலும் போதும். குண்டுச்சத்தமும் பதுங்குகுழியும் திரும்பத் திரும்ப வந்து நித்திரை குலைந்தால் தியானத்தை நிறுத்திவிட்டு உளநல மருத்துவரிடம் போவதே முறை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

பாம்புக்கும் மைத்திரியா?

ஆம். துறவியொருவர் பாம்பு தீண்டி இறந்தபோது, பாம்புக் குலங்கள் நான்குக்கும், காலில்லாதவை, இருகாலின, நாற்காலின, பலகாலின அனைத்துக்கும் மைத்திரி சொல்லும்படி புத்தர் கற்பித்தார். அதோடு, இரவில் டோர்ச் இல்லாமல் வளவுக்குள் இறங்காதீர்கள். கடித்தால் தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போங்கள்.

உண்மையில் பயன் உண்டா?

அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு பாளித் தொகுப்பு பதினொரு பயன்களைச் சொல்கிறது: சுகமாக நித்திரை வரும், சுகமாக விழிப்பு வரும், கெட்ட கனவு வராது, மனிதர்க்குப் பிரியமானவராவார், மனம் விரைவில் ஒருமைப்படும், முகம் தெளியும் என்று அது நீள்கிறது. நெருப்பும் நஞ்சும் ஆயுதமும் தீண்டா என்பதும் அதில் ஒன்று. அதை நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். ஆய்வுகளைக் கேட்பவர்களுக்கு, பார்பரா பிரெட்ரிக்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு உண்டு: ஏழு வாரம் மைத்திரி தியானம் பயின்ற உழைக்கும் மக்களிடம் நாளாந்த நல்லுணர்ச்சிகள் படிப்படியாகக் கூடின. உடனடியாக அன்று, படிப்படியாக என்பது கவனிக்கத்தக்கது.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சிறு பிள்ளையைக் கண்ணை மூடி இருத்தவேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் இன்று யார் யார் நலமாக இருக்கவேண்டும் என்று கேட்டால், பிள்ளை நாய், கோழி, ரீச்சர் என்று தானாகவே பட்டியல் போடும். கடினம் வருவது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளில். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த நண்பனுக்காக, கீழே எடுத்த பிள்ளை மகிழ்வது முதிதை. அதைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதற்கு முன், அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேள்விப்பட்டவுடன் பெற்றோர் தாமே செய்து பார்க்கவேண்டும். அன்று தொலைபேசியில் உறவினரோடு என்ன கதைக்கப்படுகிறது என்பதைப் பிள்ளை பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.